இன்டெல்லா ஏஎம்டியா: கடைக்கு வரும் முன்பே முடிந்துவிடும் கேள்வி

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரைச் செய்யும் இரண்டு பெரிய கம்பெனிகள் இன்டெல்லும் ஏஎம்டியும். கம்ப்யூட்டர் கம்பெனிகள் இவற்றில் ஒன்றை எதை வைத்துத் தேர்ந்தெடுக்கின்றன? என் மேஜையில் இப்போது இரண்டு மதர்போர்டுகள், அதாவது எல்லாப் பாகங்களும் மாட்டப்படும் தாய்ப் பலகைகள், கிடக்கின்றன. ஒன்றின் சாக்கெட்டுக்குள் 1700 மெல்லிய கம்பிகள் முளைத்திருக்கின்றன. அதில் உட்காரும் பிராசசரின் அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும். இன்னொன்றின் சாக்கெட் முழுக்கத் துளைகள். 1331 பின்களும் பிராசசரின் அடியில். முதலாவது இன்டெல்லுக்கான போர்டு. இரண்டாவது ஏஎம்டியின் ஏஎம்4 வகை சாக்கெட் உள்ளது.

இந்த இரண்டாவதில்தான் சர்வீஸ்காரனுக்கு வயிறு கலங்கும். பிராசசருக்கும் அதன் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் தடவிய பேஸ்ட், வேலூர் வெயிலில் மூன்று கோடை பார்த்துக் கல்லாக இறுகிப்போயிருக்கும். ஹீட்சிங்கை முதலில் இடம் வலமாக மெல்லத் திருகி இளக்காமல் அப்படியே தூக்கினால், லாக் போட்டபடியே பிராசசரும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். நாலைந்து பின் சாய்ந்திருக்கும். மைக்ரோடிப் பென்சிலில் லெட்டை எடுத்துவிட்டு, அந்தக் காலி முனையைச் சாய்ந்த பின்னில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்த வேண்டும். ஒடிந்தால் பையனைக் கூப்பிட்டு டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, கஸ்டமரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்க வேண்டியதுதான். 2022-இல் வந்த ஏஎம்5-இல் அவர்களும் பின்களை போர்டுப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

ஒரு பிராசசரை எடுத்துவிட்டு இன்னொரு கம்பெனியின் பிராசசரை அதே இடத்தில் போட முடியாது என்பதைக் காட்டத்தான் இதைச் சொன்னேன். ஆனால் அப்படிப் போட முடிந்த காலம் ஒன்று இருந்தது. 1990-களின் நடுவில் சாக்கெட் 7 என்ற ஒரே குழியில் இன்டெல்லின் பென்டியமும் உட்காரும், ஏஎம்டியின் கே6-உம் உட்காரும், சைரிக்ஸ் என்று மூன்றாவது ஒருவரும் உட்காருவார். அசெம்பிள் பண்ணுகிறவர்கள் ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஏறி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட் போய், அன்றைக்கு எது மலிவோ அதை வாங்கிவந்து மாட்டிவிடலாம். 1997-இல் இன்டெல் பென்டியம் 2-ஐ ஸ்லாட் 1 என்ற புதுப் பொருத்தத்தில் இறக்கியது. அதற்கான உரிமை ஏஎம்டிக்குக் கிடைக்கவில்லை. 1999-இல் ஏஎம்டி தன் அத்லான் பிராசசருக்கு ஸ்லாட் ஏ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் பிளாஸ்டிக் கனெக்டர் ஒன்றேதான், ஒன்றை மற்றதற்குத் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தார்கள். மின்சார ரீதியில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அன்று பிரிந்த பாதை இன்றுவரை சேரவில்லை.

ஆகவே ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி பிராசசரைத் தேர்ந்தெடுக்கிறது என்றால், அதோடு மதர்போர்டு, சிப்செட் (போர்டிலுள்ள துணைச் சிப்), பயாஸ் (மெஷினைக் கிளப்பும் அடிப்படை மென்பொருள்), மின்சாரம் கொடுக்கும் பகுதி, சூட்டை வெளியேற்றும் குழாய், டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்), ஐந்து வருஷத்துக்கு வைத்திருக்க வேண்டிய ஸ்பேர் எல்லாவற்றையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறது. வேகம் அந்தப் பட்டியலில் ஒரு வரி. வேகத்தை வைத்து மட்டும் யாராவது மாறியிருந்தால் இந்த வியாபாரத்தின் சரித்திரமே வேறாக இருந்திருக்கும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்கத் தோல் வியாபாரமே போதும். என் மச்சான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருக்கிறார். வெளிநாட்டு பையர் ஒரு தோலின் சாம்பிளைப் பார்த்து ஓகே சொன்ன பிறகு, அதே ஷேடு, அதே கனம், அதே பதம் வருஷம் முழுக்க வர வேண்டும். தோல் பதனிடும் ஒரே டேனரியை நம்பினால் அங்கே ஒரு வாரம் வேலை நின்றாலும் இங்கே லைன் நின்றுவிடும். இரண்டு டேனரி வைத்துக்கொண்டால் இரண்டாவது ஆளின் தோலுக்கு மறுபடி சாம்பிள், மறுபடி அப்ரூவல், கட்டிங்கில் மறுபடி தகராறு. "ரெண்டு பேரையும் வெச்சிக்கணும், ஆனா ஒருத்தன்கிட்டதான் பெருசா வாங்கணும்" என்பார் மச்சான். விலையில் பிடித்து இழுக்கவும், அவசரத்துக்கு ஓடவும் இரண்டாவது ஆள் வேண்டும். பெரிய ஆர்டருக்கான சலுகைக்கு முதல் ஆள் வேண்டும்.

ஐபிஎம் கம்பெனியும் இதையேதான் யோசித்தது. 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியில் இருந்தது இன்டெல்லின் 8088. அன்றைக்கு ஐபிஎம் எங்கே, இன்டெல் எங்கே! ஒரே சப்ளையரை நம்பி இறங்க முடியாது, இதே சிப்பைச் செய்துதர இன்னொரு கம்பெனி வேண்டும் என்று நின்றது ஐபிஎம். 1982-இல் இன்டெல்லும் ஏஎம்டியும் தொழில்நுட்பப் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டன. இன்றைக்கு இன்டெல்லைத் துரத்திக்கொண்டிருக்கும் போட்டியாளர், வாங்குகிறவர் கேட்டதற்காக இன்டெல்லே கையெழுத்துப் போட்டு உள்ளே விட்டவர்தான்.

அடுத்த கட்டம் இன்டெல்லின் 386 சிப். இதன் ரகசியத்தை ஏஎம்டிக்குக் கொடுக்க இன்டெல் மறுத்துவிட்டது. ஐபிஎம் தயங்கிக்கொண்டிருந்தபோது 1986 செப்டம்பரில் காம்பாக் என்ற இன்னொரு கம்ப்யூட்டர் கம்பெனி 386 போட்ட கம்ப்யூட்டரை இறக்கியது. வியாபாரத்தின் கடிவாளம் ஐபிஎம் கையிலிருந்து நழுவி சிப் செய்கிறவர் கைக்குப் போன இடம் இது என்றே நான் நினைக்கிறேன். அதுவரை வாங்குகிறவர் விதித்த நிபந்தனைக்குச் சப்ளையர் தலையாட்டினார். அதற்குப் பிறகு சப்ளையரின் அடுத்த சிப் எப்போது வரும் என்று வாங்குகிறவர்கள் காத்திருந்தார்கள். ஏஎம்டி பல வருஷம் கோர்ட்டில் அலைந்துகொண்டே 1991-இல் தன் சொந்த 386-ஐக் கொண்டுவந்தது.

அதே 1991-இல் இன்டெல் செய்த இன்னொரு காரியம் எந்த சிப்பைவிடவும் பெரியது: 'இன்டெல் இன்சைட்' ஸ்டிக்கர். ஸ்டிக்கரை ஒட்டி, விளம்பரத்தில் அந்த முத்திரையைக் காட்டினால், விளம்பரச் செலவில் ஒரு பங்கை இன்டெல் திருப்பிக் கொடுக்கும். கம்ப்யூட்டர் விற்பதில் லாபம் மிகக் குறைவு. அதில் விளம்பரப் பணமாக வருவது மொத்த லாபத்தின் கணிசமான பங்காகிவிடும். கஸ்டமருக்கோ உள்ளே கிடக்கும், கண்ணால் பார்க்கவே முடியாத ஒரு பாகத்தின் பெயர் மனப்பாடம் ஆகிவிட்டது. குடியாத்தத்திலிருந்து வருகிற, கம்ப்யூட்டரே தொட்டறியாத ஒருவர்கூட 'இன்டெல் இருக்கா?' என்று கேட்பதற்கு விதை அங்கே போடப்பட்டது.

இனி பணத்தின் கதை. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எந்தப் பெட்டிக்கடைக்காரரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். கூல்டிரிங்க் கம்பெனி இலவசமாக ஒரு பிரிட்ஜ் கொடுக்கும். நிபந்தனை ஒன்றுதான், அடுத்த கம்பெனி பாட்டில் அதற்குள் இருக்கக் கூடாது. கம்ப்யூட்டர் டீலர்களான எங்களுக்கும் பழக்கமானதுதான். டார்கெட் முடித்தால் மூன்று மாதக் கடைசியில், கழிவுப் பணத்தை நம் கணக்கில் வரவு வைக்கும் கிரெடிட் நோட் வரும். பில்லில் நஷ்டத்துக்கு விற்றதுபோல் தெரியும் சரக்கில் லாபம் அந்த கிரெடிட் நோட்டில்தான் இருக்கும். இது பெரிய அளவில் நடந்தால் என்ன ஆகும்?

பேச்சுக்கு ஒரு கணக்குப் போடுவோம். பிராசசர் ஒன்று 10,000 ரூபாய். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு 100 வேண்டும். பெரிய சப்ளையர், நூறையும் என்னிடமே வாங்கினால் மொத்தத்துக்கும் 10 சதவீதம் கழிவு என்கிறார். 9 லட்சத்தில் வேலை முடிந்தது. சின்ன சப்ளையர் வந்து 20 மட்டும் என்னிடம் வாங்குங்கள் என்கிறார். நூறையும் தர அவரிடம் ஃபேக்டரி கொள்ளளவு இல்லை, எல்லா மாடலும் இல்லை. சரி என்று 20-ஐ அவரிடம் கொடுத்தால் மீதி 80-க்கும் கழிவு போய்விடும். அந்த 80-க்கு முழுசாக 8 லட்சம் கட்ட வேண்டும். பழைய 9 லட்சத்துக்குள் அடங்க வேண்டுமானால் சின்ன சப்ளையர் தன் 20-ஐ ஒரு லட்சத்துக்கு, அதாவது ஒன்று 5,000-க்குக் கொடுக்க வேண்டும். பெரியவர் விட்டுக்கொடுத்தது 10 சதவீதம். சின்னவர் அதற்கு ஈடுகட்ட 50 சதவீதம் இறங்க வேண்டும்.

2005-இல் ஏஎம்டி அமெரிக்காவில் இன்டெல் மீது போட்ட வழக்கில் இதன் உச்சம் ஒன்றைச் சொல்லியிருந்தது. எச்பி கம்பெனிக்கு 10 லட்சம் பிராசசர்களைச் சும்மாவே தருவதாகச் சொன்னோம், அவர்கள் 1,60,000 மட்டுமே எடுத்துக்கொண்டார்கள் என்று மனுவில் எழுதியது. ஓசியில் கொடுத்தும் வேண்டாம் என்றால், விலைக்கு அப்பால் எதையோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்.

டெல் கம்பெனி இதில் தனிக் கதை. 2003-இல் ஏஎம்டி ஆப்டெரான் என்ற சர்வர் பிராசசரை விட்டது. பழைய 32 பிட் மென்பொருளையும் ஓட்டிக்கொண்டே, ஒரே தடவையில் கூடுதல் தரவைக் கையாளும் 64 பிட்டுக்குப் போகும் வழி அதில் இருந்தது. மைக்ரோசாஃப்ட் அந்த வழியை ஏற்றுக்கொண்டது. அடுத்த வருஷமே இன்டெல்லும் அதே வழியில் நடக்க வேண்டியதாயிற்று. ஐபிஎம், சன் மைக்ரோசிஸ்டம்ஸ், எச்பி எல்லாம் ஆப்டெரான் சர்வர் விற்றன. டெல் மட்டும் 2006 வரை அசையவில்லை. காரணம் 2010-இல் வெளியே வந்தது. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் டெல் மீது சுமத்திய குற்றச்சாட்டின்படி, ஏஎம்டியை வாங்காமல் இருப்பதற்காக இன்டெல்லிடமிருந்து வந்த பணம் 2003 நிதியாண்டில் டெல்லின் செயல்பாட்டு லாபத்தில் 10 சதவீதமாக இருந்தது. 2006 நிதியாண்டில் 38 சதவீதம். 2007 நிதியாண்டின் முதல் காலாண்டில் 76 சதவீதம். முதலீட்டாளர்களிடம் இதை மறைத்தார்கள் என்பதுதான் ஆணையத்தின் வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 10 கோடி டாலர் கட்டி டெல் அதை முடித்தது.

76 சதவீதம் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நூறு ரூபாய் லாபத்தில் 76 ரூபாய் ஒரே சப்ளையரின் தயவில் வருகிறது என்றால், அந்தக் கம்பெனி கம்ப்யூட்டர் விற்றுப் பிழைக்கிறதா, ஒருவருடைய சிப்பை வாங்காமல் இருந்து பிழைக்கிறதா?

இப்படிக் கழிவும் பணமும் கொடுத்துப் போட்டியைத் தடுத்ததாக ஐரோப்பிய ஆணையம் 2009 மே மாதம் இன்டெல்லுக்கு 106 கோடி யூரோ அபராதம் போட்டது. அதே வருஷம் நவம்பரில் இன்டெல் ஏஎம்டிக்கு 125 கோடி டாலர் கொடுத்துத் தங்களுக்குள் இருந்த வழக்குகளை முடித்துக்கொண்டது. ஐரோப்பிய அபராதமோ ஜவ்வாக இழுத்தது. 2022-இல் அங்குள்ள பொது நீதிமன்றம் விலைக்கழிவு தொடர்பான பகுதியை ரத்து செய்தது. 2024 அக்டோபரில் அதற்கும் மேலான ஐரோப்பிய உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதனால் இன்டெல் சுத்தம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதாகச் சிலர் பேசுகிறார்கள், அது அவசரம். மேலே நான் போட்ட கணக்கை, அதாவது அதே திறமையுள்ள போட்டியாளர் ஈடுகட்ட முடியுமா என்ற கணக்கை, ஆணையம் சரியாகப் போட்டு நிரூபிக்கவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். எச்பி, ஏசர், லெனோவோ ஆகியவை ஏஎம்டி மாடல்களைத் தாமதப்படுத்தவும் கட்டுப்படுத்தவும் பணம் கொடுத்த பகுதி நிற்கிறது. அதற்காக 2023-இல் ஆணையம் 37.6 கோடி யூரோவுக்குப் புதிதாக அபராதம் விதித்தது.

சரி, எல்லாம் பணம்தான் என்று முடித்துவிடலாமா என்றால் அதுவும் சரியில்லை. இன்டெல் கொடுத்த வேறொன்று உண்டு, அதற்கு உரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும். 2003-இல் சென்ட்ரினோ என்று பிராசசர், சிப்செட், வைஃபை மூன்றையும் ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தார்கள். போர்டு எப்படி அமைய வேண்டும், சூடு எப்படி வெளியேற வேண்டும், பேட்டரி எப்படி நீடிக்க வேண்டும் என்பதெல்லாம் ஏறக்குறையத் தயாராக வரும். பத்து எஞ்சினியரை வைத்துக்கொண்டு வருஷத்துக்கு இருபது மாடல் விட வேண்டிய கம்பெனிக்கு அது பெரிய வரம். வாணியம்பாடி வீட்டுக் கல்யாணத்துக்குச் சமைக்க வரும் பண்டாரி, அண்டா, அடுப்பு, மசாலா, ஆள் எல்லாவற்றோடும் வந்து இறங்குவதுபோல. இன்னொருவர் நல்ல அரிசி மட்டும் கொண்டுவந்து கொடுத்தால், அரிசி எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாம்தான் சமைக்க வேண்டும். ஏஎம்டி லேப்டாப்புகள் பல வருஷம் மட்டமான ஸ்கிரீனும் குட்டி பேட்டரியும் போட்டு வந்ததற்கு இது ஒரு காரணம். நல்ல உடம்பை இன்டெல்லுக்கும் மிச்சத்தை ஏஎம்டிக்கும் கொடுத்தார்கள். பிறகு, பார்த்தீர்களா ஏஎம்டி மட்டம் என்று நாமே சொன்னோம்.

சூடு விஷயமும் அப்படியே. வெயிலூர் என்று பெயர் வாங்கிய ஊரில் 'ஏஎம்டி சூடாவும்' என்பது ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது. 2000, 2001 வாக்கில் வந்த அத்லான்களில் இது உண்மை. ஹீட்சிங்க் கழன்றால் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும் வசதி அவற்றில் இல்லை, கருகிவிடும். ஆனால் 2004-இல் வந்த இன்டெல்லின் பென்டியம் 4 பிரெஸ்காட்டை மே மாதத்தில் காத்து வராத பிரவுசிங் சென்டரில் ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஃபேன் சத்தம் ஃபிளவர் மில் மாதிரி கேட்கும். அந்தச் சூடு மறந்துபோச்சு, இந்தச் சூடு மட்டும் ஞாபகத்தில் நின்றுவிட்டது. இருபது வருஷம் ஓடிய விளம்பரம் செய்யும் வேலை இதுதான்.

காற்று மாறியது 2017-இல் ஏஎம்டியின் ரைசன் பிராசசர் வந்த பிறகு. ஆனால் அது நல்ல சிப் என்பதற்காக மட்டும் கம்பெனிகள் பாய்ந்துவிடவில்லை. 2018-இன் பின்பாதியில் இன்டெல்லின் சொந்த ஃபேக்டரிகளில் 14 நானோமீட்டர் என்ற பழைய தொழில்நுட்பத்தில் செய்யும் சிப்புகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. புதிய தொழில்நுட்பத்துக்கு நகர்வது தள்ளிக்கொண்டே போனதால் எல்லா மாடலும் ஒரே வரிசையில் நின்றன. இருப்பதில் லாபம் அதிகமுள்ள சர்வர் சிப்புகளுக்கு முதலிடம். செலரான், பென்டியம் என்று மலிவு சிப்புகளுக்குக் கடைசி இடம். கடையில் நாங்கள் அதைக் கண்ணாரப் பார்த்தோம். மலிவான பிராசசர் கிடைக்கவே இல்லை, கிடைத்ததும் விலை ஏறியிருந்தது. 2019 நவம்பரில் இன்டெல் தன் வாடிக்கையாளர்களுக்கு மன்னிப்புக் கேட்டுப் பகிரங்கமாகக் கடிதமே எழுதியது. மலிவு லேப்டாப் விற்கும் கம்பெனிகள் அந்த இடைவெளியில்தான் ஏஎம்டியைச் சேர்த்துக்கொண்டன. வழக்கும் அபராதமும் பல வருஷமாக அசைக்காத கதவை ஒரு சப்ளை தட்டுப்பாடு திறந்துவிட்டது.

ஏஎம்டியிடமும் இந்தப் பலவீனம் உண்டு. அது 2009-இல் தன் ஃபேக்டரிகளைத் தனிக் கம்பெனியாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, இப்போது முக்கியமாகத் மற்றவர்களுக்குச் சிப் செய்துகொடுக்கும் தைவானின் டிஎஸ்எம்சியிடம் செய்துவாங்குகிறது. அங்கே ஆப்பிளும் நிற்கிறது, என்விடியாவும் நிற்கிறது. 2020, 2021-இல் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது ரைசனுக்கும் தட்டுப்பாடுதான். எனவே கம்பெனிகள் இப்போது ஒரே உடம்பில் இரண்டு மாடல் விடுகின்றன. வெளியே பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஒன்றுக்குள் இன்டெல்லின் கோர், இன்னொன்றுக்குள் ஏஎம்டியின் ரைசன். செலவு கூடுதல்தான், போர்டு இரண்டு செய்ய வேண்டும். ஆனால் மச்சான் சொன்ன இரண்டு டேனரிக் கணக்கு அதில் இருக்கிறது.

சர்க்கார் டெண்டர் இன்னொரு உலகம். தமிழ்நாட்டில் 2011-இல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் தொடங்கியபோது அரசு நிறுவனமான எல்காட் வழியாக லட்சக்கணக்கில் வாங்கினார்கள். டெண்டரில் இதற்கு இணையானது என்ற ஒரு சொல் சேர்ந்தால் போதும், போட்டி திறந்துவிடும். அங்கே ஸ்டிக்கருக்கு மதிப்பில்லை, கம்பெனிக்கு ஒரு பீசில் நூறு ரூபாய் மிச்சம் என்றாலும் பெரிது. பேட்டரி மாற்ற எங்களிடம் வரும் சர்க்கார் லேப்டாப்புகளில் பின்னாளில் வந்த ஒரு தொகுதி லெனோவோக்களைத் திறந்தால் ஏஎம்டிதான் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பல பிள்ளைகளுக்கு முதல் கம்ப்யூட்டர் அதுதான். கடையில் இன்டெல் கேட்கும் அப்பாவின் வீட்டிலேயே மூத்த பெண்ணுடைய ஏஎம்டி ஓடிக்கொண்டிருக்கும், அவருக்குத் தெரியாது.

ஆப்பிள் மட்டும் ஏன் இஷ்டத்துக்கு மாற முடிகிறது என்று காட்பாடி பக்கம் படிக்கும் பையன்கள் அடிக்கடி கேட்பார்கள். 1994-இல் மோட்டரோலா சிப்பிலிருந்து பவர்பிசிக்கு, 2006-இல் இன்டெல்லுக்கு, 2020 நவம்பரில் தன் சொந்த எம்1-க்கு. வீடும் அவர்களுடையது, கிணறும் அவர்களுடையது. சிஸ்டம் மென்பொருளும் மெஷினும் ஒரே கையில். மற்றவர்கள் அப்படியில்லை. 2024-இல் குவால்காம் கம்பெனியின் ஸ்னாப்டிராகன் சிப் போட்ட விண்டோஸ் லேப்டாப்புகள் பல கம்பெனிகளிலிருந்தும் வந்தன. பேட்டரி பிரமாதம். ஆனால் அது வேறு பாஷை பேசும் சிப். சாதாரண மென்பொருளை உள்ளே மொழிபெயர்த்து ஓட்டிவிடும். டிரைவரை அப்படி ஓட்ட முடியாது, அந்த சிப்புக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆடிட்டர் ஆபீசில் டிஜிட்டல் கையெழுத்துக்குச் செருகும் யுஎஸ்பி டோக்கன், மண்டியில் பத்து வருஷமாக ஓடும் பில் பிரிண்டர், வருகைப் பதிவுக்குக் கைரேகை மெஷின், இவற்றில் ஒன்றுக்கு டிரைவர் இல்லையென்றால் லேப்டாப் மறுநாளே திரும்பி வந்துவிடும். அதனால் அலுவலகத்துக்கு வாங்குகிறவர்களிடம் நானே அதை எடுத்துக்காட்டுவதில்லை.

போன ஜூன் மாதம், காலேஜ் அட்மிஷன் நேரம். குடியாத்தத்திலிருந்து ஒருவர் மகனோடு வந்தார். பையன் பேசவே இல்லை, அப்பாதான்.

"இன்னா சார், இன்டெல் இல்லியா? இது சூடாவும்னு சொல்றாங்களே."

"அது அந்தக் காலம்ணா. இது நல்லா இருக்கும்."

"இருந்தாலும் இன்டெல்லே குடுங்க. ரெண்டாயிரம் கூடன்னாலும் பரவால்ல."

சென்னை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போன் போட்டேன். அந்த மாடலில் இன்டெல் வர இன்னும் மூன்று வாரம் ஆகும் என்றார்கள். என் குடோனில் எட்டுப் பெட்டி இருந்தது, எட்டும் ரைசன். திங்கட்கிழமை கிளாஸ் தொடங்குகிறது என்று பையன் முதல் தடவையாக வாயைத் திறந்தான். அப்பா ஸ்டிக்கரை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, பை இலவசம்தானே என்று கேட்டார்.